எல்லாருக்கும் ஒரே காய்ச்சல்தானா?

கொள்ளைநோய்க்கு ஏழை, பணக்காரன் தெரியாது என்பார்கள். கொரோனா காலத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்போம்!

வரலாறு படிக்கும் என் தங்கை, நோய்க்கால ஏற்றத்தாழ்வைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். “1918 காய்ச்சல்ல நம்ம கேமரன் மலைத் தோட்டத்துல என்னண்ணா நடந்துச்சு?” என்று கேட்டாள். அப்போது இங்கே தேயிலைத் தோட்டமே கிடையாது. வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தது 1885. போ தோட்டம் தொடங்கியது 1929.

ஆனால் மலை ஏன் திறக்கப்பட்டது என்று பார்த்தால் அவள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சமவெளியின் வெக்கையிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் வெள்ளைக்காரத் துரைமார் ஒதுங்கி இளைப்பாற ஒரு குளிர்ந்த இடம் தேவைப்பட்டது. நம் ஆட்களோ கீழே ரப்பர்த் தோட்டங்களில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட லயங்களில் கிடந்தார்கள். 1918 அக்டோபர் வாக்கில் மலாயாவைத் தாக்கிய இன்ஃபுளுயன்சா அந்த லயங்களில் கடுமையாகப் பரவியது. பின்னாளில் தமிழர்கள் மலையேறியதும் இளைப்பாற அல்ல, கொழுந்து கிள்ள.

அதே ஆண்டு பம்பாய் நகரின் கணக்கு இன்னும் துல்லியம். இன்ஃபுளுயன்சாவால் ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள்? ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, சாதி இந்துக்கள் 18.9. தாழ்த்தப்பட்டோர் 61.6! நகரம் ஒன்று, கிருமி ஒன்று. சாவு மட்டும் ஏழு மடங்குக்கு மேல்.

நான் பொறியியல் படித்தவன். எனக்கு இதில் தெரிவது விதியல்ல, கட்டடம். ஓர் அறையில் எத்தனை பேர், காற்று எந்த வழியாக வருகிறது, காய்ச்சல்காரரைத் தனியே படுக்க வைக்க இடம் உண்டா, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் உண்டா? இவை எல்லாம் யாரோ வரைந்த திட்டம், யாரோ போட்ட கணக்கு.

மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தோட்டம், சுரங்கம் பக்கம்தான் பார்த்தது. 2019 திருத்தம்தான் மற்றத் துறைகளுக்கும் அதை விரித்தது. அது நடைமுறைக்கு வந்த 2020இலேயே, நவம்பரில், கிள்ளான் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் தொற்று. நெருக்கியடித்த அடுக்குக் கட்டில்களைப் படத்தில் பார்த்தபோது எனக்கு லயம்தான் ஞாபகம் வந்தது.

இன்று கேமரன் மலையில் கொழுந்து கிள்ளுபவர்களில் பலர் வங்காளதேசத்தார், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். நம் தாத்தா இருந்த இடத்தில் இப்போது அவர்கள். அடுத்த காய்ச்சல் வரும்முன் அவர்களின் அறையை யாராவது அளந்து பார்ப்பது நல்லது.