சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும்: வரன் தேடலின் வரலாறு

பத்தமடையில் கோரைப்புல்லால் நெய்யப்படும் கல்யாணப் பாயில் மணமக்களின் பெயர்களையும் சேர்த்து நெய்வதுண்டு. அவ்விரு பெயர்களும் பாயில் சேரும் முன்னர், இரு குடும்பத்தாரும் பலரிடம் விசாரித்திருப்பார்கள். இன்று கட்டணமில்லா இணையதளத்தில் உள்ள ஒரு நிழற்படமும் சில வரிகளும் அந்த விசாரணையின் இடத்தைப் பிடித்து வருகின்றன. இதனால் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பதைச் சிந்திப்பது நம் கடமையாகும்.

அன்னை கதீஜா (ரலி) அவர்களின் திருமணத்தை எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னையாரின் வணிகப் பொருள்களை ஷாம் தேசத்திற்கு எடுத்துச் சென்றார்கள். உடன் சென்ற பணியாளர் மைஸரா, அவர்களின் நேர்மையைக் கண்டு வந்து சொன்னார். அதன் பின்னரே நஃபீஸா என்னும் பெண்மணி மூலம் திருமணப் பேச்சு எழுந்தது. ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள் கேட்டதாக அறிவிக்கப்படும் கேள்விகளும் இதையே உணர்த்துகின்றன: நீர் அவருடைய அண்டை வீட்டாரா? அவருடன் பயணம் செய்தீரா? பணத்தில் கொடுக்கல் வாங்கல் வைத்தீரா?

நம் தாமிரபரணிக் கரையில் இம்மூன்றுக்கும் விடை சொல்ல ஆள் இருந்தார்கள். தறி ஓசை கேட்ட மேலப்பாளையத்தின் நெருக்கமான தெருக்களில் அண்டை வீட்டார் அறியாத குணம் அரிது. கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர், மலேயா சென்றவர்களைப் பற்றி உடன் சென்ற ஊர்க்காரர்கள் சொன்னார்கள். காயல்பட்டினத்தில் மணமகன் பெண் வீட்டிற்கு வந்து வாழும் வழக்கம் இருப்பதால், வருபவர் யார் என்பது தெருவுக்கே உரிய கேள்வியாயிற்று. வெளியூர் வரன் எனில், அவருடைய மஹல்லா ஜமாஅத்தின் கடிதம் கேட்கப்பட்டது.

அம்முறையில் குறைகளும் இருந்தன. வட்டம் சிறியது. விதவையரும் விவாகரத்துப் பெற்றோரும் அவ்வட்டத்தில் எளிதில் மறக்கப்பட்டனர். தரகர் கூலியோடு கைக்கூலிப் பேரமும் நுழைந்தது. பெண்ணின் விருப்பம் பல இடங்களில் கேட்கப்படவில்லை. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவருடைய தந்தை விருப்பமின்றி மணமுடித்தபோது, நபியவர்கள் அத்திருமணத்தை ரத்துச் செய்ததை நாம் மறந்திருந்தோம்.

இந்நிலையில்தான் இணையம் வந்தது. 1995இல் அமெரிக்காவில் மேட்ச் டாட் காம் தொடங்கிற்று. 1997இல் அங்கு வாழ்ந்த முருகவேல் ஜானகிராமன் தமிழருக்காகத் தொடங்கிய இணையப் பக்கத்தின் வரன் பகுதியே பின்னர் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. 2003இல் தோன்றிய பிளென்ட்டி ஆஃப் ஃபிஷ் போன்ற தளங்கள் கட்டணமின்றியே அறிமுகம் செய்தன.

இதன் நன்மையை மறுக்க இயலாது. மறுமணம் நாடும் பெண் எவர் தயவுமின்றித் தன் நிலையைச் சொல்லலாம். வளைகுடாவில் உழைக்கும் இளைஞரும் திருநெல்வேலியிலுள்ள குடும்பமும் நேரடியாக அறிமுகமாகலாம்.

ஆனால், கட்டணம் இல்லாத இடத்தில் பொறுப்பேற்பவரும் பெரும்பாலும் இல்லை. முன்னரே மணமானவர் அதை மறைக்கலாம். முகம் காணும் முன்பே பணம் கேட்பவரும் உண்டு. பெண்ணின் படம் எங்கெங்கோ செல்லலாம். பொழுதுபோக்கிற்கு வந்தவரும் நிகாஹ் நாடி வந்தவரும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர். 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், திருமணத் தளங்கள் அடையாளச் சான்று பெற வேண்டும் என்றும், தளம் டேட்டிங்கிற்கு உரியதன்று என அறிவிக்க வேண்டும் என்றும் கூறின. எனினும், அடையாள அட்டை பெயரைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது.

ஆகவே, இணையதளம் நஃபீஸாவின் வேலையைச் செய்யலாம். மைஸராவின் வேலையைச் செய்ய இயலாது. பெயர் கிடைத்தவுடன் வலியிடம் தெரிவியுங்கள், ஜமாஅத்தில் கேளுங்கள், அண்டை வீட்டார், உடன் வேலை செய்தவர், கொடுக்கல் வாங்கல் வைத்தவர் என மூவரையேனும் விசாரியுங்கள். மகளின் சம்மதத்தை அவள் வாயால் கேளுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஸாலிஹான துணைகளை அருள்வானாக. ஆமீன்.