மரப்பட்டையில் எழுதிய கடல் பத்திரம்

பிரிஸ்பேனில் இருக்கும் தங்கை, பிள்ளையின் பள்ளி விழா வீடியோவை அனுப்பியிருந்தாள். பிள்ளை ஆடியது இரண்டு நிமிடம். அதற்கு முன்னால் தலைமையாசிரியை மேடையேறி, இந்த நிலத்துக்கும் நீருக்கும் உரியவர்களான பூர்வகுடிகளை வணங்குகிறோம் என்று சொன்னது அரை நிமிடம். ஆஸ்திரேலியாவில் உறவினர் இருக்கும் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். பள்ளி, அலுவலகம், நம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா எதுவானாலும் அங்கே இந்த வணக்கம் உண்டு.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்த என் மகள் கேட்டாள், "நிலத்துக்கு ஓனர் சரிப்பா, தண்ணிக்கு எப்படி ஓனர்?"

வங்கியில் என் வேலையில் பாதி பத்திரம் படிப்பதுதான். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் ஒப்பீனியன். மும்பைக்கு மாற்றலாகி வந்த பிறகு மராத்தியில் இருக்கும் சாத்பாரா உதாராவையும் படிக்கக் கற்றுக் கொண்டேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கடலைக் கொண்டு வந்து அடமானம் கேட்டதில்லை. ஆனால் கடலுக்கும் பத்திரம் உண்டு என்று நாற்பத்தைந்து வருஷம் சண்டை போட்டு நிரூபித்தவர்கள் இருக்கிறார்கள். மகளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலிய வரைபடத்தை எடுத்தால் மேலே நடுவில் ஒரு பெரிய வளைகுடா குழிந்து இருக்கும். அது கார்பென்டேரியா வளைகுடா. அதன் மேற்குக் கரையும் வடமேற்கு முனையும் ஆர்ன்ஹெம் லேண்ட். அங்கே வாழும் மக்கள் யோல்ங்கு. ஒவ்வொரு குலத்துக்கும் இன்ன மலை, இன்ன ஓடை என்று நிலம் பிரித்திருப்பது போலவே, இன்ன முகத்துவாரம், இன்ன பாறைத்திட்டு, இன்ன நீரோட்டம் என்று கடலும் பிரிந்திருக்கிறது. கரை வந்ததும் ஊர் முடிந்துவிடாது, தண்ணீருக்குள்ளும் தொடரும். இதைத்தான் ஆங்கிலத்தில் 'சீ கன்ட்ரி' என்கிறார்கள். கடல்நாடு என்று சொல்லிக் கொள்ளலாம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல.

இவர்கள் கடலில் வெளியாருக்கு வியாபாரமும் நடந்தது. இன்றைய இந்தோனேசியாவின் மக்காசாரிலிருந்து ஒவ்வொரு மழைப்பருவத்திலும் பாய்மரப் படகுகள் வந்தன. வந்தது கடல் அட்டைக்காக. ஆமாம், நம் பாக் நீரிணையில் கிடைக்கும் அதே வகைப் பிராணிதான். அவித்து, புகை போட்டு உலர்த்திச் சீனாவுக்கு அனுப்பினார்கள். குறைந்தது 18-ம் நூற்றாண்டிலிருந்தே இந்த வரவு உண்டு. அவர்கள் கொண்டு வந்த புளியின் விதை விழுந்து முளைத்த புளியமரங்கள் அந்தக் கரையில் இன்றும் நிற்கின்றன. யோல்ங்கு மொழியில் பணத்துக்கு 'ருப்பியா' என்று பெயர். மக்காசார்காரர்கள் வழியாகப் போன நம் ரூபாயேதான். வங்கிக்காரனுக்கு இதைவிடச் சந்தோஷம் தரும் வரலாற்றுத் தகவல் கிடையாது :)

அரசாங்கம் இந்தக் கடலுக்குள் முதலில் வந்தது வசூலுக்காகத்தான். அப்போது அந்தப் பகுதியை நிர்வகித்தது தெற்கு ஆஸ்திரேலிய அரசு. 1880-களில் மக்காசார் படகுகளுக்கு லைசென்ஸ், சுங்கவரி என்று ஆரம்பித்தார்கள். கடலுக்கு உரியவர்களுக்கு அதில் ஒரு காசு கிடையாது. 1906-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கு இனி லைசென்ஸ் இல்லை என்று முடிவெடுத்தார்கள். 1907-ல் கடைசிப் படகு திரும்பிப் போனது. யோல்ங்குகளைக் கேட்டு எடுத்த முடிவு அல்ல.

அடுத்து வந்தது பாக்ஸைட். கோவ் தீபகற்பத்தில் சுரங்கத்துக்கு நிலம் ஒதுக்கியபோது, 1963 ஆகஸ்டில் யிர்கலா ஊர்ப் பெரியவர்கள் கான்பெராவில் உள்ள பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். யோல்ங்கு மொழியிலும் ஆங்கிலத்திலும் டைப் செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலச் சித்திரங்களை வரைந்திருந்தார்கள். பார்ப்பவர்களுக்கு அழகான பார்டர். ஆனால் அந்தச் சித்திரத்தை வரைய யாருக்கு உரிமை உண்டோ, அவருக்கே அந்த நிலத்தின் உரிமை. நம் பத்திரங்களில் நான்கு எல்லை எழுதுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

பாராளுமன்றம் குழு போட்டது, விசாரித்தது, சுரங்கமும் வந்தது. வழக்குப் போட்டார்கள். 1971-ல் நீதிபதி பிளாக்பர்ன், இவர்களிடம் நுட்பமான ஒரு சட்ட ஒழுங்கு இருப்பதை ஏற்றுக் கொண்டார். ஆனால் ஆங்கிலேயச் சட்டம் அறிந்த சொத்துரிமை அது அல்ல என்று தள்ளுபடி செய்துவிட்டார்.

கோர்ட் கைவிட்ட இடத்தில்தான் அரசாங்கம் முதல் தடவையாக உருப்படியாக ஒன்று செய்தது. 1973-ல் விட்லம் தலைமையிலான தொழிற்கட்சி அரசு உட்வர்ட் கமிஷனை நியமித்தது. சட்டம் நிறைவேறுவதற்குள் 1975-ல் அந்த அரசே கலைக்கப்பட்டது. எதிர்க்கட்சியாக இருந்து ஆட்சிக்கு வந்த ஃப்ரேசர் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கலாம். போடவில்லை. சில மாற்றங்களோடு 1976-ல் வடக்குப் பிரதேச பூர்வகுடி நிலவுரிமைச் சட்டத்தை அவருடைய அரசு நிறைவேற்றியது. முந்தைய ஆட்சியின் திட்டம் என்றாலே பெயரையாவது மாற்றுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அதிசயம்தான்.

இந்தச் சட்டத்தின்படி ஆர்ன்ஹெம் லேண்ட் விற்க முடியாத சொத்தாக ஒரு நில அறக்கட்டளையிடம் வந்தது. எல்லை எதுவரை? கடல் முழுதாக வற்றும்போது தண்ணீர் நிற்கும் கோடு வரை. அதாவது தண்ணீர் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது தெரிகிற சேறும் மணலும் பாறையும் பத்திரத்துக்குள் வந்துவிட்டன. இந்த வரி பின்னால் எவ்வளவு பெரிதாகும் என்று அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அதற்கு அப்பால் உள்ள கடலுக்கு? கரையிலிருந்து 2 கிலோமீட்டர் வரை வெளியார் நுழைவதைத் தடுக்க பிரதேச அரசு சட்டம் போடலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. காகிதத்தில் நன்றாக இருந்தது. நடைமுறையில் ஒவ்வொரு இடத்துக்கும் நீண்ட விசாரணை. அப்படி மூடப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. அங்கேயும் ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்த வணிகப் படகுகளுக்கு விலக்கு. கதவைப் பூட்டிவிட்டு, சாவி வைத்திருப்பவர்கள் மட்டும் வரலாம் என்பது போல. சாவியோ ஊர்க்காரர்களிடம் இல்லை.

1996-ல் புளூ மட் பே என்ற விரிகுடாவில், சட்டவிரோதமாகக் கொடுவா மீன் பிடிக்க வந்தவர்கள் போட்டிருந்த முகாமில் வெட்டப்பட்ட முதலைத் தலை ஒன்று சாக்கில் கிடந்தது. அந்த இடம் மதர்ப்பா குலத்தாருக்குப் புனிதமானது. முதலை அவர்களுடைய மூதாதை. நம் குலதெய்வக் கோயில் வாசலில் இப்படி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் அரிவாள் எடுக்கவில்லை, தூரிகை எடுத்தார்கள். ஜம்பாவா மராவிலி என்ற தலைவரின் முன்முயற்சியில் 47 ஓவியர்கள் 80 மரப்பட்டைகளில் தங்கள் கடலை வரைந்தார்கள். எந்த நீரோட்டம் எங்கிருந்து வருகிறது, உப்புநீரும் நன்னீரும் எங்கே கலக்கிறது, எது யாருடையது என்று எல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. பொதுவாக வெளியாருக்குக் காட்டாத விஷயங்களையும், வேறு வழியில்லாமல், காட்டினார்கள். அந்த ஓவியங்கள் ஊர் ஊராகக் காட்சிக்குப் போயின. இன்று சிட்னியில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்புறம் அவை கோர்ட்டுக்கும் சாட்சியாகப் போயின.

இதற்கிடையில் சட்டம் நகர்ந்திருந்தது. 1992-ல் மாபோ வழக்கில், வெள்ளையர் வந்தபோது இது யாருக்கும் சொந்தமில்லாத பூமி என்ற கட்டுக்கதையை ஹைகோர்ட் தள்ளியது. (அங்கே ஹைகோர்ட் என்றால்தான் உச்ச நீதிமன்றம்.) 2001-ல் குரோக்கர் தீவு வழக்கில், கடலிலும் பூர்வீக உரிமை உண்டு, ஆனால் பிறரை வெளியேற்றும் உரிமை இல்லை என்றது. மீன்பிடிக்கவும் கப்பல் விடவும் பொதுமக்களுக்கு உள்ள உரிமையோடு அது ஒத்துப் போகாதாம். வங்கி மொழியில் சொன்னால், பெயர் பத்திரத்தில் இருக்கிறது, சுவாதீனம் மட்டும் கிடையாது.

2008 ஜூலை 30 அன்று புளூ மட் பே தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை. தண்ணீர் வற்றும் கோடு வரை நிலம் அவர்களுடையது என்றால், அதன்மேல் தண்ணீர் ஏறி நிற்கும்போதும் அனுமதி இல்லாமல் அங்கே யாரும் நுழைய முடியாது. அரசு கொடுத்த மீன்பிடி லைசென்ஸ் அதற்கு அனுமதி ஆகாது. 1976 சட்டத்தின் அந்த ஒரு வரி! வடக்குப் பிரதேசத்தின் கடற்கரையில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு இது பொருந்தியது.

மறுநாளே கடலைப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. நிலக் கவுன்சில் இடைக்கால அனுமதி கொடுத்து, அரசாங்கத்தோடு பேச உட்கார்ந்தது. அந்த இடைக்காலம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டுப் பத்து வருஷத்தையும் தாண்டியது. பொறுமையைப் பாராட்டும் பேச்சுகளை நிறையப் படித்தேன். ஆனால் தீர்ப்பு வாங்கிய பின்னும் காத்திருக்க வேண்டியது ஜெயித்தவர்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. கடன்காரர் இப்படித் தவணை கேட்டால் நாங்கள் கொடுப்போமா?

ஆனால் உரிமை மட்டும் கையில் இருந்தால் கடலைக் காக்க முடியாது. படகு வேண்டும், டீசல் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இந்த இடத்தில் ஆஸ்திரேலிய அரசின் கொள்கையைப் பாராட்டத்தான் வேண்டும். 1992-லேயே யோல்ங்கு பெரியவர்கள் திமுரு என்ற அமைப்பைத் தொடங்கித் தங்கள் நிலத்தையும் கடலையும் தாங்களே கவனித்து வந்தார்கள். 1990-களின் கடைசியில் மத்திய அரசு பூர்வகுடிப் பாதுகாப்புப் பகுதிகள் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. அரசு நிலத்தை எடுத்துக் கொண்டு சரணாலயம் ஆக்குவது அல்ல இது. உரியவர்களே தங்கள் இடத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிப்பார்கள், அரசு பணமும் துணையும் தரும். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று காட்டில் இருப்பவர்களை வெளியேற்றிய கதைகளை இங்கே நிறையக் கேட்டிருக்கிறோம் அல்லவா, அதற்கு நேர் எதிர். திமுரு 2000-ல் அறிவித்தது. அதில் கொஞ்சம் கடலும் இருந்தது, பிறகு அது பெரிதாக்கப்பட்டது. புளூ மட் பே பகுதியில் 2003-ல் யிரல்கா ரேஞ்சர்கள் வந்தார்கள்.

ரேஞ்சர்களுக்கு ஆரம்பத்தில் முறையான சம்பளம் கிடையாது. வேலையில்லாதோர் உதவித்தொகைக்குப் பதிலாகக் கொடுக்கும் தொகையில்தான் பலர் வேலை பார்த்தார்கள். 2007-ல் ஹோவர்ட் அரசின் பட்ஜெட்டில் வந்த திட்டம்தான் ரேஞ்சர் வேலையை நிஜமான சம்பள வேலை ஆக்கியது. அந்த வருஷக் கடைசியில் ஆட்சி மாறியது. திட்டம் நிற்கவில்லை, வளர்ந்தது. 2021-ல் கடல் பகுதிகளுக்கென்றே தனியாக நிதி ஒதுக்கினார்கள். சம்பளச் சீட்டு இருக்கிறவருக்கும் உதவித்தொகை வாங்குகிறவருக்கும் உள்ள வித்தியாசம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று பேய்வலை எடுப்பது. அராஃபுரா கடலில் பெரிய கப்பல்கள் அறுத்துவிட்ட வலைகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து கார்பென்டேரியா வளைகுடாவில் ஒதுங்குகின்றன. ஆள் இல்லாமலே ஆமைகளைப் பிடித்துக் கொல்கின்றன. 2004 முதல் வளைகுடாவைச் சுற்றியுள்ள பூர்வகுடி ஊர்களை ஒன்று சேர்த்து, மத்திய அரசின் நிதியில் இந்த வலைகளை இழுத்து அகற்றினார்கள்.

கிரேட் பேரியர் ரீஃபில் இன்னொரு வழி. அங்கே ஆவுளியாவையும் ஆமையையும் பூர்வகுடிகள் உணவுக்காக வேட்டையாடுவது சட்டப்படி உரிமை. தடை போட்டால் சண்டை, விட்டால் அழிவு என்று அரசு கையைப் பிசைந்து கொண்டு நிற்கவில்லை. நீங்களே அளவு சொல்லுங்கள் என்றது. 2005 டிசம்பரில் கிரிங்கன் பகுதி மக்கள், ரீஃப் ஆணையம், குயின்ஸ்லாந்து அரசு மூவருமாக முதல் ஒப்பந்தம் செய்தார்கள். மற்ற ஊர்களும் பின்னால் வந்தன. அதே ஆவுளியாவுக்காக 2022-ல் தமிழக அரசும் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கும் நம் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதியும் கொடுக்கிறது. வெகுமதி நல்லதுதான். அளவையும் எல்லையையும் முடிவு செய்யும் மேஜையில் மீனவருக்கு எத்தனை நாற்காலி என்பது வேறு கேள்வி.

கடைசியாகப் பணம். காப்பது சரி, அந்தக் கடலில் சம்பாதிப்பது யார்? மாபோ பிறந்த டோரஸ் நீரிணையில் இதற்கும் ஒரு பதில் கிடைத்தது. அங்கே பவளப்பாறை மீன் பிடிக்க வெளியார் வைத்திருந்த வணிக லைசென்ஸ்களை 2008 வாக்கில் அரசு விலை கொடுத்து வாங்கி, தீவு மக்களுக்காக வைத்துக் கொண்டது. வெளியார் பிடிக்க வேண்டுமானால் குத்தகைக்கு எடுக்க வேண்டும், குத்தகைப் பணம் தீவு மக்களின் நலனுக்கு. 2013-ல் ஹைகோர்ட்டும், பிடித்த மீனை விற்பது அவர்களுடைய பூர்வீக உரிமையில் அடங்கும், லைசென்ஸ் சட்டங்கள் அந்த உரிமையை ஒழித்துவிடவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் விற்பதற்காகப் பிடிக்க லைசென்ஸ் எடுக்கத்தான் வேண்டும்.

மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த லைசென்ஸுக்கு ஃபீஸ் யாருப்பா வாங்கறாங்க?"