விலையின்றி வழங்கும் வணிகம்

பொருளை விற்றுச் செல்வம் ஈட்டுவது வணிகத்தின் இயல்பு. ஆயின், பொருளை விலையின்றி வழங்கியே பெருஞ்செல்வம் ஈட்டும் வணிகம் ஒன்று நம் காலத்தில் தழைத்து நிற்கிறது. தேடுபொறி, மின்னஞ்சல், வரைபடம், செய்தி அனுப்பும் செயலி முதலிய மென்பொருள்களை நாம் காசு கொடாமல் கைப்பேசியிற் பெறுகிறோம். அவற்றை ஆக்கியோரோ உலகப் பெருஞ்செல்வர் வரிசையில் உள்ளனர். இஃது எங்ஙனம் இயலும்? சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வினா அன்றாட வாழ்வோடு ஒட்டியது. ஆதலின் அவ்வணிகத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

கொடையும் கல்வெட்டும்

விலையின்றி வழங்கும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதன்று. திருமலையில் 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நித்திய அன்னதானத் திட்டத்தில் நாள்தோறும் பல்லாயிரவர் உண்கின்றனர். உண்பவர் காசு தருவதில்லை. அவர்தம் குலமும் தொழிலும் எவரும் கேட்பதில்லை. செலவை ஏற்போர் நன்கொடையாளர். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதில் மறைவு ஏதுமில்லை.

இவ்வெளிப்படை மிகப் பழமையானது. திருமலை திருப்பதிக் கோயிற் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுட் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. இன்னார் இவ்வளவு பொன்னோ நிலமோ அளித்தார். அதன் வருவாயைக் கொண்டு இன்ன நாளில் இன்ன படையல் நடைபெற வேண்டும். பிரசாதத்தில் கொடையாளர்க்கு உரிய பங்கு இவ்வளவு என்றெல்லாம் அவை கூறுகின்றன. கொடுக்கல் வாங்கலின் கட்டளை முழுவதும் மக்கள் மொழியிற் சுவரில் பொறிக்கப்பட்டது. இச்செய்தியை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

விளம்பரம் புகுந்த வரலாறு

1833-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் பெஞ்சமின் டே என்பவர் 'சன்' என்னும் நாளிதழைத் தொடங்கினார். பிற இதழ்கள் ஆறு சென்ட் விலைக்கு விற்ற காலத்தில் அவர் ஒரு சென்ட்டுக்கு விற்றார். குறைந்த விலையால் வாசகர் பெருகினர். வாசகர் பெருகவே விளம்பரம் பெருகிற்று. வாசகரின் காசைவிட அவருடைய கவனமே மதிப்புடையது என்னும் உண்மையை வணிக உலகம் அன்று அறிந்துகொண்டது.

நம் மூத்தோர் இம்முறையை வானொலி வாயிலாக அறிவர். 1950-களில் இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்புத் தென்னாடெங்கும் ஒலித்தது. பாட்டுக் கேட்டோர் அந்நிலையத்துக்கு ஒன்றும் செலுத்தவில்லை; விளம்பரதாரரே செலுத்தினர். 1952-இல் அங்குத் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி ஒரு பற்பசையின் விளம்பரமாகவே நடைபெற்றது. அதற்கு ஆயிரக்கணக்கில் மடல்கள் வந்து குவிந்தன. கேட்போர் எத்துணையர், எவ்வூரினர் என்பதை அம்மடல்களே காட்டின. ஆனால், மடல் எழுதுவதும் எழுதாமையும் கேட்போர் விருப்பம். எழுதாதவரைப் பற்றி நிலையத்தார் ஏதும் அறியார்.

கணிப்பொறிக் காலம்

இந்நிலை கணிப்பொறியால் மாறிற்று. 1998-இல் தோன்றிய கூகுள் நிறுவனம், 2000-ஆம் ஆண்டில் தேடுசொல்லுக்கு ஏற்ற விளம்பரங்களை விற்கத் தொடங்கியது. 2002-இல், விளம்பரத்தைத் தொட்டால் மட்டும் கட்டணம் என்னும் ஏலமுறையை மேற்கொண்டது. திருப்பதியில் தங்கும் விடுதி வேண்டுமென ஒருவர் தேடுகிறார் என்க. அந்நொடியிலேயே விடுதிக்காரர்களின் கேட்புத் தொகைகள் ஒப்பிடப்பட்டு, வென்றவருடைய விளம்பரம் முன்னிற்கும். தேடுபவர் தம் தேவையைத் தாமே சொல்லிவிட்டமையால் அவ்விளம்பரம் பெருமதிப்புடையதாயிற்று.

2004-இல் அதே நிறுவனம் விலையில்லா மின்னஞ்சல் வழங்கியது. மடல்களின் சொற்களைப் பொறி படித்து, அவற்றுக்கேற்ற விளம்பரங்களைக் காட்டியது. இவ்வழக்கத்தைக் கைவிடுவதாக 2017-இல்தான் அறிவித்தது. பின்னர்க் கைப்பேசி வந்தது. நாம் எங்குச் செல்கிறோம், எவரோடு பேசுகிறோம், எப்பொழுது உறங்குகிறோம் என்பனவும் குறிப்புகளாயின. 2023-இல் பேஸ்புக்கின் தாய் நிறுவனமாகிய மெட்டா பெற்ற வருவாய் ஏறத்தாழ 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேற்பட்ட பங்கு விளம்பரத்தால் வந்தது.

இங்கு ஒரு பிழையான எண்ணத்தைக் களைதல் வேண்டும். இந்நிறுவனங்கள் நம் விவரங்களை மூட்டையாகக் கட்டி விற்கின்றன எனப் பலர் கருதுவர். விவரங்களை விற்கும் தரகர்களும் உளர் என்பது உண்மையே. ஆயினும் பெருநிறுவனங்கள் அக்குறிப்பேட்டைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. இத்தகைய மனிதர்முன் நும் விளம்பரத்தை நிறுத்துவோம் என்னும் வாய்ப்பையே அவை விற்கின்றன. பசுவை விற்றால் ஒருமுறைதான் பணம். பாலை விற்றால் நாள்தோறும் பணம் அன்றோ?

கட்டற்றதும் கட்டணமற்றதும்

விலையற்ற மென்பொருள் யாவும் இத்தகையன என்று கொள்ளுதல் தவறு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் கட்டற்ற மென்பொருள் என்னும் கருத்தைப் பரப்பியது. மென்பொருளைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு என்பதே அதன் கொள்கை. கணிப்பொறியில் தமிழைத் தட்டெழுத உதவிய 'எ-கலப்பை' அவ்வாறு தன்னார்வலர் தந்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் நூல்களை விலையின்றி வழங்கி வருகிறது. இவை அன்னதானத்தை ஒத்தவை.

ஆண்ட்ராய்டின் நிலை வேறு. அதன் அடிப்படை எவரும் காணத்தக்க திறந்த மென்பொருள். எனினும், கைப்பேசி செய்வோர் கூகுளின் செயலிக் கடையை வேண்டினால், அந்நிறுவனத்தின் பிற செயலிகளையும் முன்கூட்டியே ஏற்றித் தரவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இதுபற்றி 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

நம் பகுதியில்

1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபொழுது சித்தூர் மாவட்டம் அதனுட் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும், அரசு அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் நாம் செல்வது மாறவில்லை. செல்லும் வழியே மாறிற்று. 2023 சனவரியில் தேவஸ்தானம் ஜியோ நிறுவனத்தின் துணையுடன் புதிய செயலியை வெளியிட்டது. அவ்வாண்டு மார்ச்சு முதல் தங்குமிடம் வழங்குவதில் முகமறியும் கருவியும் புகுந்தது. 2025 சனவரி 30-ஆம் நாள் ஆந்திர அரசு 161 பணிகளை வாட்ஸ்அப் வழியே பெறும் 'மன மித்ர' திட்டத்தைத் தொடங்கியது. முதியோர் வரிசையில் நிற்கும் துன்பம் இதனாற் குறைகிறது. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் வாட்ஸ்அப், 2014 முதல் மெட்டாவுக்கு உரியது. தன் குடும்ப நிறுவனங்களோடு விவரங்களைப் பகிர்வதை ஏற்காதார் அதனைப் பயன்படுத்த இயலாது என்னும் வகையில் 2021-இல் அது கொண்டுவந்த கொள்கைக்காக, 2024 நவம்பரில் போட்டி ஆணையம் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அத்தொகையை உறுதிப்படுத்தியது.

இதனினும் கொடியவை கடன் தரும் செயலிகள். இவை விலையின்றிக் கிடைத்தன. நிறுவும்பொழுதே கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களையும் படங்களையும் கேட்டன. தவணை தவறியபொழுது, அவ்வெண்களுக்கெல்லாம் இழிமொழிச் செய்திகளை அனுப்பின. 2020-இன் இறுதியில் தெலங்கானாவிலும், பின்னர் ஆந்திரத்திலும் இவ்விழிவு பொறாது உயிர் துறந்தோர் உளர். 2021-இல் ரிசர்வ் வங்கியின் குழு ஆராய்ந்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளுள் 600 சட்டத்துக்குப் புறம்பானவை. 2022 செப்டம்பரில், அவ்வங்கி தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலிகள் எடுத்தலாகாது எனக் கட்டளையிட்டது.

நாம் செய்யத்தக்கது

தன்மறைவு அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன. அச்சட்டத்தில் நமக்குரிய பகுதி ஒன்று உண்டு. எவ்விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என்னும் அறிவிப்பை, ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நமக்குத் தர வேண்டும். தமிழ் அவற்றுள் ஒன்று. ஆந்திரத்தில் வாழ்வதால் இவ்வுரிமை நமக்குக் குறைந்துவிடாது.

திருமலைச் சுவரில் கட்டளைகளைத் தமிழிற் படித்த மக்களின் வழிவந்தோர் நாம். கைப்பேசியிலும் அதனைத் தமிழிற் கேட்போமாக. நம் சங்கம் திங்கள்தோறும் ஒரு மாலை, மூத்த உறுப்பினரின் கைப்பேசிகளிலுள்ள செயலிகள் எவ்வெவற்றுக்கு இசைவு பெற்றுள்ளன எனப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கித் தரலாம். நம் சங்கப் பதிவேட்டிலும் உறுப்பினர் முகவரியும் எண்ணும் உள்ளன. அவற்றை எவர்க்கும் கொடாது காப்பதும் நம் கடனேயாகும். பிறரிடம் கேட்கும் நேர்மையை முதலில் நம் ஏட்டிற் காட்டுவோம்.