சந்தா ஏடுகளும் பாடப் பக்கமும்: கண்டியில் ஒரு நூலக வரலாறு

கண்டி மாநகரில் தலதா மாளிகைக்கு அணித்தாய், ஏரிக்கரையை ஒட்டி நிற்கும் உல்பன்கே என்னுங் கட்டடம், அரசியர் நீராடுதற்கென அமைந்தது. 1815 ஆம் ஆண்டில் கண்டியரசு வீழ்ந்தபின், ஆங்கிலேயர் அதன்மேல் மாடமொன்றெழுப்பி 1828 இல் அதனை நூலகமாக்கினர். யுனைற்றட் சேர்விசஸ் லைப்ரரி என்று அதற்குப் பெயர். படைத்துறையினரும் அரசாங்க அலுவலருமே அதற்குரியோர் என்பதனைப் பெயரே அறிவிக்கும். நகரின் நடுவே நூல்கள் இருந்தன; ஆயினும் நகரத்தார் யாவர்க்கும் அவை எட்டவில்லை. நூல் இருத்தல் வேறு, அதனை அடையும் வழியுளதாதல் வேறு என்னும் இவ்வேறுபாடு, இந்நாளிலும் மறைந்திலது.

1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், சேர் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராயிருந்த காலத்தில், பேராதனைக்குக் குடிபெயரத் தொடங்கிற்று. மாணவர் விடுதிகளில் உறைய, நூலகம் நடந்தடையுந் தொலைவில் இருந்தது. ஆசிரியர் வாசிப்புப் பட்டியலொன்றைத் தருவர். நூலகத்தார் பலர் வேண்டும் நூல்களைத் தனியே ஒதுக்கிச் சில மணி நேரத்திற்கோ ஓரிரவிற்கோ மட்டும் இரவல் வழங்குவர். பட்டியலுக்கும் நூலடுக்கிற்கும் இடையேயுள்ள வழியை மாணவரின் கால்கள் கடந்தன. அவ்வழியிற் சிக்கலொன்றுமில்லை, படி போதாமையைத் தவிர.

1990களின் பிற்பகுதியில் ஆராய்ச்சி ஏடுகள் மின்வடிவம் பெறவே, நூலகம் வாங்கும் பொருளே மாறிற்று. அச்சேட்டை வாங்கிய நூலகம் அதற்கு உடைமையாளாயிருந்தது. மின்னேட்டிற்குச் சந்தா செலுத்தும் நூலகமோ, குறித்த காலத்திற்குக் குறித்த வாசகர் படிக்கும் உரிமையை மட்டுமே பெறுகின்றது. வாசகர் இன்னாரென்று பதிப்பகத்தார் அறிவது எங்ஙனம்? வளாகத்துக் கணினிகளின் வலையிலக்கத்தைக் கொண்டே பெரும்பாலும் அறிகின்றனர். எனவே வளாகத்துள் இருந்து கேட்பார்க்குக் கட்டுரை தானே திறக்கும். கலகா வீதியைக் கடந்து வீடு சென்றாரை அதே கட்டுரை விலை கேட்கும். உல்பன்கேயின் சுவர் கல்லாலானது; இச்சுவர் எண்களாலானது.

இதற்கிடையே 2002 இல் அவுஸ்திரேலியரான மாட்டின் டூகியாமாஸ் மூடில் என்னும் பாடப் பக்க மென்பொருளின் முதற் பதிப்பை வெளியிட்டார். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது பின்னர் வழக்கிற்கு வந்தது. பழைய வாசிப்புப் பட்டியல் இப்பக்கத்தில் ஏறியபோதுதான் இடர் தலைகாட்டிற்று. ஆசிரியர் தம் அறையிலிருந்து ஒரு கட்டுரையைத் திறந்து, உலாவியின் மேல்வரியிற் காணும் முகவரியை அப்படியே எடுத்து ஒட்டுகின்றார். அவருக்கு அது திறக்கின்றது. அம்முகவரி பல வேளைகளில் அவரது அப்போதைய அமர்விற்கு மட்டும் உரியது. அமர்வு முடிய அதுவும் இறந்துபடும். இறவாதிருப்பினும், அற்றனிலோ மாத்தளையிலோ இருக்கும் மாணவர் வளாக எல்லைக்கு வெளியே நிற்பவரேயாவர். ஆசிரியரோ இணைப்புச் செவ்வனே உளதென்றே எண்ணியிருப்பர். பிழை எவர் கண்ணுக்குந் தோன்றாமையே இதன் கொடுமை.

பரிகாரங்கள் ஒருங்கே தோன்றியனவல்ல. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துக் கல்லூரி நூலகரான கிறிஸ் சாகர் 1999 இல் ஈசிபுறொக்சி என்னும் இடைநிலை மென்பொருளை ஆக்கினார். முகவரியின் முன்னே நூலகத்தின் ஒட்டொன்றைச் சேர்த்தால், வெளியிலிருக்கும் மாணவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையுந் தந்து வளாகத்தார்போல் உட்புகுவர். 2000 ஆம் ஆண்டில் கிறொஸ்றெஃப் அமைப்புத் தோன்றிக் கட்டுரைகளுக்கு நிலைத்த எண்களை வழங்கலாயிற்று; ஏடு பதிப்பகம் மாறினும் அவ்வெண் மாறாது. ஆயினும் அவ்வெண் வாசகரைப் பதிப்பகத்தின் வாயிலிற்கொண்டு நிறுத்தும். நூலகமோ அதே கட்டுரையை வேறொரு தொகுப்பின் வாயிலாய்ப் பெற்றிருத்தல் கூடும். பெல்ஜியத்துக் கென்ற் பல்கலைக்கழகத்தில் ஹேபெட் வான் டி சொம்பெல் இதனை ஆராய்ந்து, வாசகரின் நூலகத்தைக் கேட்டே வழிகாட்டும் ஓப்பின்யூஆர்எல் முறையை வகுத்தார். நம் நாட்டில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு, அவரவர் நிறுவனக் கடவுச்சொல்லே பிறவிடத்துஞ் செல்லுமாறு லியாஃப் என்னுங் கூட்டிணைப்பை நடத்துகின்றது.

இவற்றின் பயன் 2020 இல் வெளிப்பட்டது. கொள்ளைநோயால் வளாகங்கள் மூடப்பட, விரிவுரைகள் யாவும் இணையத்திற்கு மாறின. பல்கலைக்கழகக் கற்றற் பக்கங்களைக் கட்டணமின்றி அடையத் தொலைபேசி நிறுவனங்கள் இசைந்தன. பாடப் பக்கம் இலவசமாய்த் திறந்தது. அதிலுள்ள சந்தாக் கட்டுரை அங்ஙனமன்று. அது வேறோர் இடத்திலுள்ளது. தோட்டப்புறத்து லயனறையில் கைத்தொலைபேசியோடு இருந்த மாணவர்க்கு இவ்வேறுபாட்டைச் சொல்வார் எவர்?

கட்டுரையின் கோப்பையே பாடப் பக்கத்தில் ஏற்றிவிட்டால் என்னை எனின், அதனைப் பல உரிமங்கள் இடந்தரா. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கருதற்பாலது. பலர் நினையாத மற்றொரு தீங்கும் உண்டு. எக்கட்டுரை எத்துணை முறை திறக்கப்பட்டதென்னுங் கணக்கைப் பதிப்பகத்தார் நூலகத்திற்கு அனுப்புவர். 2003 முதல் கவுண்டர் என்னும் நெறி இதனை ஒழுங்குபடுத்துகின்றது. ஏற்றிவைத்த கோப்பை நூறு பேர் படிப்பினும் அக்கணக்கில் ஒருவரும் தோன்றார். 2022 இல் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து சில கிழமைகளுள் 360 ரூபா அளவிற்கு உயர்ந்தது. டொலரிற் செலுத்துஞ் சந்தாவில் எதனை விடுவது என்று நூலகர் ஆராய்கையில், அவர் முன் இருப்பது அக்கணக்கேயாம். நல்லிணைப்பு மாணவர்க்கு வழி. ஏட்டிற்கோ அது சாட்சி.

தமிழ் பயில்வார்க்கு ஒன்று கூறல்வேண்டும். பேராதனையில் தமிழும் வரலாறும் கற்பார்க்கு வேண்டும் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளுள் மிகப்பல, மேனாட்டுச் சந்தாத் தொகுப்புகளில் இடம்பெறுவதில்லை. அவற்றுட் பலவற்றை 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் யாவர்க்குந் திறந்து வைத்துள்ளது. ஆங்கு ஒட்டும் வேண்டா, கடவுச்சொல்லும் வேண்டா. ஒரே வாசிப்புப் பட்டியலில், கைலாசபதி எழுதிய பழங்கட்டுரை லயனறையில் திறக்க, அவரைப்பற்றி அயல்நாட்டார் எழுதிய ஆங்கிலக் கட்டுரை திறவாதிருத்தல் கூடும். பட்டியலைப் பக்கத்திலேற்றும் ஆசிரியர், வளாகத்திற்கு வெளியே ஒரு கைத்தொலைபேசியில் ஒவ்வோர் இணைப்பையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பாராயின், எது திறக்கும் எது திறவாது என்பது அன்றே புலனாகும். திறவாதனவற்றின் பெயர்களை நூலகரிடங் கொடுத்தல் அரைநாள் வேலையேயாம்.