சிருஷ்டியும் நிமித்தமும்: இளஞ்சிறார் கல்வி குறித்து ஓர் ஆராய்ச்சி

சித்திரமும் கதையும் பாட்டும் கேட்ட மாத்திரத்தில் இயற்றித் தரும் செயற்கை நுண்ணறிவு வீடுகளிலும் பள்ளிகளிலும் புகுந்துவிட்ட இக்காலத்தில், மனிதனுடைய சிருஷ்டி சக்திக்கும் இயந்திரத்தின் ஆக்கத்துக்கும் உள்ள பேதத்தை ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு எவ்வாறு உணர்த்துவது என்னும் வினா ஆசிரியர்கள் முன் எழுந்துள்ளது. இயந்திரம் புதிதாக ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயினும், தான் ஒருபோதும் கண்டிராத சித்திரம் அடுத்த நிமிஷமே திரையில் தோன்றக் காணும் குழந்தை, அவ்விடையையும் அதைச் சொன்ன ஆசிரியரையும் ஒருங்கே ஐயுறும். ஆகவே, ஆக்கப்பட்ட பொருளின் புதுமையையும் அழகையும் விடுத்து, அது பிறந்த நிமித்தத்தைக் கொண்டே அப்பேதத்தை விளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

புதுமையை அளவுகோலாகக் கொண்ட வாதம் பழமையானது. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரத்தைப் பற்றி 1843-இல் வெளியான குறிப்புகளில் ஏடா லவ்லேஸ் அம்மையார், அது நாம் இடும் கட்டளையை நிறைவேற்றுமேயன்றித் தானாக எதையும் தோற்றுவிக்காது என்றார். கணித அறிஞர் ஆலன் டூரிங் 1950-இல் இவ்வாதத்தை எடுத்து ஆராய்ந்து, இயந்திரங்கள் தம்மை அடிக்கடி வியப்பில் ஆழ்த்துகின்றன என்று மறுமொழி கூறினார். ஆனால், வியப்பு காண்பவர் உள்ளத்தில் நிகழ்வதாகலின், அதைக் கொண்டு செய்தவரின் இயல்பைத் தீர்மானித்தல் அரிது.

நிமித்தம் என்பதனால் நாம் குறிப்பது யாதென்பதை ஒரு சோதனை தெளிவாக்கும். கூகுள் நிறுவனத்தின் விளையாட்டொன்றில் பலரும் 20 விநாடிக்குள் கீறிய கோட்டுச் சித்திரங்களை, பொருளொன்றுக்கு 70,000 வீதம் எடுத்து, டேவிட் ஹா, டக்ளஸ் எக் என்னும் இருவர் 2017-இல் ஒரு நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்தனர். பூனைகளை மட்டுமே கற்ற அமைப்பிடம் மூன்று கண்ணுடைய பூனையைக் கொடுத்தபோது, அது ஏறக்குறைய அதே சாயலில், ஆனால் இரண்டே கண்களோடு, ஒரு பூனையை வரைந்து தந்தது. மிகுதியாகக் கற்றதன்பால் சாய்வது அதன் சுபாவமாதலின், மூன்றாவது கண் அங்கே தங்கவில்லை. அதே கண்ணை நம் குழந்தையொன்று வரைந்திருக்க, நாம் காரணம் வினவினால், "இது சிவன் வீட்டுப் பூனை" என்றோ, "பின்னாடி வர்ற நாயைப் பார்க்க வேண்டாமா?" என்றோ விடை வரக்கூடும். பின்வந்த பெரிய அமைப்புகள் கேட்டால் மூன்று கண்ணையும் வரையும் என்பது மெய்யே. எனினும், அந்தக் கண் வேண்டும் என்ற விருப்பம், அதாவது நிமித்தம், கேட்டவருடையது.

குழந்தையும் கண்டதையும் கேட்டதையும் கலந்துதானே கற்பனை செய்கிறது என்னும் ஆக்ஷேபம் இங்கே எழும். ருஷ்ய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி 1930-இல் வெளியிட்ட நூலில், கற்பனை தன் மூலப்பொருளை அனுபவத்திலிருந்தே பெறுகிறது என்றும், அனுபவம் பெருகப் பெருகக் கற்பனையும் வளம் பெறும் என்றும் நிறுவினார். மூலப்பொருள் வெளியிலிருந்து வருவது இரு திறத்தார்க்கும் பொதுவே. ஆயின், நாய்க்கு அஞ்சியும் பூனையிடம் அன்பு வைத்தும் வாழ்ந்த வாழ்க்கையே குழந்தையின் அனுபவமாதலால், எதை எதனோடு சேர்ப்பது என்பதை அந்த அச்சமும் அன்புமே தெரிந்தெடுக்கின்றன. வரைந்து முடித்த பின்னரே குழந்தை காரணம் புனைகிறது என்பாரும் உளர். அவ்வாறாயினும், தற்செயலாய் விழுந்த கோட்டைத் தன் வாழ்வோடு இணைத்துப் பொருள் காணும் அச்செயல் தானே ஒரு சிருஷ்டியாம்.

சிருஷ்டித் திறனை ஆராய்ந்த அறிஞர் மார்கரெட் போடன் 1990-இல் வெளியான தம் நூலில், உலக வரலாற்றுக்கே புதிதான எண்ணத்தையும் எண்ணியவருக்கு மட்டும் புதிதான எண்ணத்தையும் பிரித்துக் காட்டினார். குழந்தையின் சிருஷ்டி பெரும்பாலும் இரண்டாம் வகையினதே. அதனால் அதன் மதிப்பு குறைவதில்லை. எனவே, வகுப்பில் குழந்தைகள் முதலில் தாமே வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் சொல்ல வேண்டும். அதன்பின் அதே பொருளை இயந்திரத்திடம் கேட்டுப் பெற்று, அது எத்தனை பேருடைய சித்திரங்களைப் பார்த்துக் கற்றது, யார் கேட்டு வரைந்தது, எதற்காக வரைந்தது என்று ஆசிரியரோடு சேர்ந்து ஆராய வேண்டும். இயந்திரத்தை இகழ்தல் வேண்டா. அதன் சித்திரம் அழகாயிருப்பின் அழகென்றே ஒப்புக்கொள்ளலாம்.

காரணத்தைக் கேளாமல் சித்திரத்தின் செம்மைக்கு மட்டும் மதிப்பெண் இடும் ஆசிரியர், செம்மையே சிருஷ்டி என்று தம்மை அறியாமலே போதித்து, இயந்திரம் எளிதில் வெல்லும் போட்டியில் குழந்தையை நிறுத்திவிடுகிறார். குழந்தை தன் காரணத்தை அஞ்சாமல் சொல்லவும், ஆசிரியர் அதைப் பொறுமையுடன் கேட்டு மதிக்கவும் இடம் அமைத்தலே இப்பாடத்தின் முதற்படி. அது இல்லாதவிடத்து, மனித மனத்தின் பெருமையைப் பற்றிய உபதேசம் எத்துணை உண்மையாயினும் குழந்தையின் நெஞ்சில் பதியாது.