விருந்துக்கு வந்த இடத்தில் கொலை: ஒரு விளையாட்டின் வரலாறு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நம் சி பிளாக் வீடு ஒன்றில் ஒரு ஜமீன்தார் கொலை செய்யப்பட்டார். பயப்பட வேண்டாம். கொலையுண்டவரே கடைசியில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார்.

'கொலை மர்ம விருந்து' என்ற இந்த விளையாட்டில் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஒரு பாத்திரத்தையும் ஒரு ரகசியத்தையும் அனுப்பிவிடுவார்கள். அன்றைய கதை 1940-களின் ஜமீன் மாளிகையில் நடந்தது என்பதால் எட்டுப் பேரும் பட்டு வேட்டி, ஜரிகைப் புடவை, கோட்டு என்று வந்திருந்தோம். சூப் வரும்போது ஒரு துப்பு, புலாவ் வரும்போது இன்னொரு துப்பு, பாயசத்தின்போது வாக்கெடுப்பு. "இதெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று பலர் கேட்டார்கள். தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நிஜமாக நடந்த ஒரு கொலை

இந்த விளையாட்டுக்குப் பின்னால் இருப்பது துப்பறியும் கதை. ஆங்கிலேய மாளிகைக் கொலைக் கதைகளுக்குப் பின்னாலோ ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1860 ஜூன் கடைசியில், இங்கிலாந்தின் ரோட் என்ற கிராமத்தில் 'ரோட் ஹில் ஹவுஸ்' என்ற வீட்டில் மூன்று வயதுக் குழந்தை சாவில் கென்ட் இரவில் காணாமல் போனான். மறுநாள் வேலையாட்களுக்கான கழிப்பறையில் கழுத்து அறுபட்ட நிலையில் அவன் உடல் கிடைத்தது. இரவு வீடு பூட்டியிருந்ததால், கொலையாளி வீட்டில் படுத்திருந்தவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் நினைத்தது.

நாடே துப்பறியக் கிளம்பிவிட்டது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சாதாரண மக்கள் தங்கள் ஊகங்களைக் காவல்துறைக்கும் அரசுக்கும் கடிதங்களாக அனுப்பினார்கள். ஒரு பூட்டிய வீடு, எண்ணி எடுக்கக்கூடிய ஆட்கள், ஆளுக்கொரு ரகசியம் என்ற அமைப்பு இங்கிருந்து கதைகளுக்குள் போனது. வில்கி காலின்ஸ் 1868-ல் எழுதிய 'மூன்ஸ்டோன்' நாவலில் அதன் சாயல் தெளிவாகத் தெரியும்.

முதலில் யாரைச் சந்தேகித்தார்கள்? குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயா எலிசபெத் கஃபை. ஒரே அறையில் தூங்கியவளுக்குத் தெரியாமல் எப்படிக் குழந்தையைத் தூக்கிப் போக முடியும் என்று கேட்டார்கள். கைது செய்தார்கள், ஆதாரம் இல்லை, விட்டார்கள். அதே ஆண்டு மறுபடியும் கைது செய்தார்கள், மறுபடியும் விட்டார்கள்.

லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் ஜோனதன் விச்சர் வேறொரு முடிவுக்கு வந்தார். குழந்தையின் மாற்றாந்தாய் வழி அக்கா, பதினாறு வயது கான்ஸ்டன்ஸ்தான் குற்றவாளி என்றார். தோட்டக்காரர் மகன் ஒருவன் கனவான் வீட்டுப் பெண்ணைக் குற்றம் சொல்வதா என்று பத்திரிகைகள் பொங்கின. கான்ஸ்டன்ஸ் விடுதலையானாள். விச்சரின் பெயர் கெட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1865-ல், கான்ஸ்டன்ஸே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகி, இருபது ஆண்டுகள் சிறையில் இருந்தாள். பிறகு ஆஸ்திரேலியா போய், பெயரை மாற்றிக்கொண்டு செவிலியாக வாழ்ந்து, 1944 ஏப்ரலில் நூறு வயதில் இறந்தாள்.

விளக்கை அணைத்து விளையாடியவர்கள்

1920, 30-களில் இங்கிலாந்தில் துப்பறியும் கதை மோகம் உச்சத்துக்குப் போனது. 1930-ல் எழுத்தாளர்கள் சேர்ந்து 'டிடெக்‌ஷன் கிளப்' தொடங்கினார்கள். செஸ்டர்டன் தலைவர், அகதா கிறிஸ்டி, டோரத்தி சேயர்ஸ் உறுப்பினர்கள். இரவு விருந்துக்குக் கூடும் அந்தக் கிளப்பில் மண்டை ஓட்டின் மேல் கைவைத்து உறுதிமொழி எடுக்கும் சடங்கும் உண்டு!

பணக்கார வீடுகளிலும் விடுதிகளிலும் விருந்தினர்கள் கொலை விளையாட்டு ஆடினார்கள். சீட்டு எடுத்து ரகசியமாகக் கொலையாளியைத் தீர்மானிப்பார்கள். விளக்கை அணைத்ததும் ஒருவர் 'சாவார்'. பிறகு விசாரணை. கொலையாளி மட்டும் பொய் சொல்லலாம். மற்றவர்கள் உண்மையே பேச வேண்டும். நயோ மார்ஷின் 1934 முதல் நாவலில் இப்படி ஒரு விளையாட்டின் நடுவே நிஜக் கொலை விழுகிறது.

கைவிட்டுப் போன அதிர்ஷ்டம்

பர்மிங்காமைச் சேர்ந்த ஆந்தனி பிராட் ஒரு பியானோ கலைஞர். விடுதிகளில் வாசிக்கப் போகும் இடங்களில் இந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் தொழிற்சாலை வேலைக்குப் போனார். குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரே இருட்டடிப்பில் இருந்த காலம். நண்பர்கள் கூடுவது நின்றுபோயிற்று. அந்தக் கூட்டங்களின் நினைவில், அதே விளையாட்டைச் சாப்பாட்டு மேசையில் ஆடும் பலகை விளையாட்டாக அவரும் மனைவி எல்வாவும் உருவாக்கினார்கள். 1944 டிசம்பர் 1-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கான்ஸ்டன்ஸ் கென்ட் இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டால் 1949-ல்தான் வாடிங்டன்ஸ் நிறுவனம் அதை 'குளூடோ' என்று வெளியிட்டது. ஆறு பேர், ஆறு ஆயுதம், ஒன்பது அறை. பெருக்கினால் 324 விடைகள். 1953-ல் வெளிநாட்டு உரிமையை 5,000 பவுண்டுக்கு பிராட் விட்டுக்கொடுத்தார். விளையாட்டு உலகமெங்கும் விற்றது. 1996-ல் நிறுவனம் அவரைத் தேடியபோது, அவர் இறந்து இரண்டு ஆண்டாகியிருந்தது.

பிறகு விளையாட்டு பலகையிலிருந்து மறுபடி மனிதர்களிடம் வந்தது. 1977-ல் நியூயார்க் மாநிலத்தின் மோஹாங்க் விடுதியில் மர்ம வார இறுதிகள் தொடங்கின. 1985-ல் 'ஹவ் டு ஹோஸ்ட் எ மர்டர்' என்ற பெட்டி வந்தது. அழைப்பிதழ், பாத்திரங்கள், துப்புகள் எல்லாம் உள்ளேயே இருந்ததால், வாங்கியவர் சமைத்தால் போதும். சி பிளாக் விருந்து அந்தப் பெட்டியின் வாரிசுதான்.

நம் வீட்டுக்கு வந்தால்

அன்று ஒன்று கவனித்தேன். இடையில் ஒரு சோதனை வாக்கெடுப்பு நடந்தது. எட்டில் ஐந்து பேர் 'சமையற்காரர்' பாத்திரத்துக்குக் கை தூக்கினோம். அதுவரை வந்த துப்புகளில் அவருக்கு எதிராக ஒன்றுமே இல்லை. தூக்கிய கைகளில் என் கையும் ஒன்று.

எனக்கு அது சுருக்கென்றது. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போனது. வேலைக்கு வந்த அக்காவிடம், "நீங்க எங்கேயாவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன். கேள்வி சாதாரணம்தான், கேட்ட தொனி அப்படி இல்லை. அடுத்த நாளிலிருந்து அவர் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, கல்யாணத்துக்கு எடுத்துப் போன சூட்கேஸின் உள்துணிக்குள் சங்கிலி இருந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "கிடைச்சுதே, அது போதும்மா," என்றார். திரும்பி வேலைக்கு வரவில்லை.

1928-ல் வான் டைன் என்ற எழுத்தாளர் துப்பறியும் கதைக்கு வகுத்த இருபது விதிகளில் ஒன்று, வேலையாள் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது. இரக்கத்தால் அல்ல, அது ரொம்பச் சுலபமான விடையாம். கதைக்கு அது கூடாது என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், நம் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வரும் செய்தி என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

விருந்து நடத்த விரும்புவோருக்குச் சில குறிப்புகள். எட்டுப் பேர் போதும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சமையலை முன்பே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் துப்பு கொடுக்க ஆள் இருக்காது. அலறல் சத்தம் இருந்தால் காவலாளியிடமும் மேல் வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். அன்று மூன்று பேர் இன்டர்காமில் கூப்பிட்டுவிட்டார்கள்!

ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஏ பிளாக்கில் அடுத்த மாதம் அதே கதையை ஆடப் போகிறார்கள். சமையற்காரருக்குக் கை தூக்கும் முன் துப்புகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.