கடைசிப் பெயர் எது? மேற்கோள் பட்டியலும் இந்தியப் பெயர்களும்

1945ஆம் ஆண்டு கல்கத்தா கணிதக் கழகத்தின் ஆய்விதழில் இளம் புள்ளியியலாளர் ஒருவரின் கட்டுரை வெளிவந்தது. ஒரு மதிப்பீட்டின் மாறுபாடு எந்த எல்லைக்குக் கீழே குறைய இயலாது என்பதை அது நிறுவியது. மறு ஆண்டு சுவீடனின் ஹரால்டு கிராமர் தம் நூலில் அதே முடிவைத் தந்தார். இன்று புள்ளியியல் படிக்கும் மாணவர் அனைவரும் அதைக் கிராமர்–ராவ் சமனின்மை என்று அறிவர். மேற்கோள் பட்டியல்களில் அக்கட்டுரை ‘ராவ், சி. ஆர். (1945)’ என்று இடம்பெறும்.

அவருடைய முழுப்பெயர் கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவ். கல்யம்புடி என்பது தெலுங்கு வழக்கின்படி முன்னால் நிற்கும் வீட்டுப்பெயர். ஐரோப்பியர் குடும்பப் பெயர் என்று எதைக் கருதுகிறார்களோ அதற்கு மிக அணுக்கமானது. ராதாகிருஷ்ண என்பது இட்ட பெயர். ராவ் என்பதோ மரியாதை ஒட்டாகத் தொடங்கிப் பெயரின் வாலாக நிலைத்துவிட்ட சொல். மேற்கோள் விதி வீட்டுப்பெயரையும் இட்ட பெயரையும் ஓரெழுத்துகளாகச் சுருக்கிவிட்டு, வாலைத் தலையில் வைத்தது. வேதியியலில் சிந்தாமணி நாகேச ராமச்சந்திர ராவுக்கு நேர்ந்ததும் இதுவே. இருவருக்கும் உறவில்லை, துறையும் வேறு. பட்டியலில் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

‘கடைசிப் பெயரை முதலில் எழுதுக’ என்ற விதியின் வேர் நூலகத்தில் இருக்கிறது. ஆசிரியரைக் குடும்பப் பெயரின் கீழ் பதியும் வழக்கத்தை 1876இல் அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் வெளியிட்ட விதிகள் போன்றவை உறுதிப்படுத்தின. ஆய்வுக் கட்டுரைகளில் அதுவரை அடிக்குறிப்பே பெருவழக்கு. அடிக்குறிப்பில் பெயர் தன் இயல்பான வரிசையிலேயே நிற்கலாம். எச்சொல் முந்தியது என்ற கேள்வி எழுவதில்லை. 1881இல் ஹார்வர்டின் விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தை இனமொன்றைப் பற்றிய கட்டுரையில், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாசகத்துக்குள்ளேயே பிறை அடைப்பில் தந்தார். ஹார்வர்டு முறை என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். இம்முறையில் பெயர் ஒரு கைப்பிடி ஆகிறது. வாசகர் அதைப் பிடித்துக்கொண்டு அகரவரிசைப் பட்டியலுக்குச் செல்ல வேண்டும். எனவே ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தலைச்சொல் தேவைப்படுகிறது. 1929இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஏழு பக்க அளவில் தொகுத்த நெறிகளில் தொடங்கிப் பெருநூலாக வளர்ந்த ஏ.பி.ஏ. கையேடும் இவ்வழியில் வந்ததே.

இந்தியப் பெயர்களுக்கு இந்தத் தலைச்சொல் எது என்பதைத் தீவிரமாகச் சிந்தித்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, பயிற்சிக்காக இலண்டன் சென்று திரும்பியவர். கணித ஆசிரியராக இருந்தவர். 1934இல் அவர் வெளியிட்ட ‘கிளாசிஃபைட் கேட்டலாக் கோட்’ தென்னிந்தியப் பெயர்களுக்கென்றே ஒரு விதியை வகுத்தது. பெயரின் கடைசிச் சொல் சாதியையோ சமூகத்தையோ மட்டும் குறிப்பதாக இருந்து, அதற்கு முந்தைய சொல் முகப்புப் பக்கத்தில் முழுமையாகத் தரப்பட்டிருந்தால், இரண்டையும் அதே வரிசையில் சேர்த்துத் தலையில் வைக்க வேண்டும். அதன்படி சேட்டூர் சங்கரன் நாயர், நாயர் என்ற குவியலுக்குள் மறைவதில்லை. சங்கரன் நாயர் என்றே நிற்கிறார். ராவின் பெயருக்கும் இதைப் பொருத்தினால் ராதாகிருஷ்ண ராவ் என்ற தலைச்சொல் கிடைத்திருக்கும். ரங்கநாதனின் பெயரே நல்ல சான்று: எஸ். என்பது ஷியாளி என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சீர்காழி, ஆர். என்பது தந்தை ராமாமிர்தம். ஊர், தந்தை, தான் என்ற வரிசை. குடும்பப் பெயருக்கு அதில் இடமே இல்லை.

நூலகவியல் உலகம் இதற்குச் செவிசாய்க்காமல் இல்லை. 1961இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு நூற்பட்டியலாக்க மாநாடு, ஆசிரியர் எந்த நாட்டுக் குடிமகனோ அந்நாட்டு வழக்கையே இயன்றவரை பின்பற்ற வேண்டும் என்று முடிவு செய்தது. 1978இல் வெளிவந்த ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, குடும்பப் பெயரில்லாத தற்காலத் தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பெயர்களை இட்ட பெயரின் கீழேயே பதிய வேண்டும் என்று தனி விதி தந்தது.

அதே 1978இல்தான் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடினர். அங்கிருந்து கிளைத்த வான்கூவர் பாணியில் குடும்பப் பெயரும் புள்ளியில்லாத தலைப்பெழுத்துகளும் மட்டுமே. நூலகர்கள் கற்றதை இதழாசிரியர்கள் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை.

தலைப்பெழுத்து என்பதும் ஒரு மொழிக்குள் பிறந்த கருத்து. ஒப்பியல் திராவிட மொழியியலின் பெரும்பெயர்களுள் ஒன்றான பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, ஆங்கிலத்தில் தம் தலைப்பெழுத்தை ‘பி’ என்று ஓரெழுத்தாக எழுதாமல் ‘பிஎச்’ என்று ஈரெழுத்தாகவே எழுதினார். தெலுங்கில் அவர் வீட்டுப்பெயரின் முதலெழுத்து மூச்சொலியுடன் கூடிய ஒரே எழுத்து. உரோமனில் அதற்கு இரண்டு தேவை. இந்த ஓரெழுத்து–ஈரெழுத்து வேறுபாட்டை மதிக்கத் தெரியாத மென்பொருள் இரண்டாவதைப் பிழையென்று வெட்டிவிடும். அப்துல் கலாமை ‘கலாம், ஏ. பி. ஜே. ஏ.’ என்று பிரிப்பதும் இத்தகையதே. அப்துல் என்பது ‘இன்னாரின் அடியார்’ என்னும் அரபுத் தொடரின் முதற்பாதி; தனியே நின்றால் வாக்கியத்தை இடையில் நிறுத்தியது போலாகும்.

தமிழரைப் பொறுத்தவரை நெடுங்காலம் தற்செயல் கைகொடுத்தது. தலைப்பெழுத்தில் தந்தை, முழுமையாகத் தான் என்று எழுதும் வழக்கம், ஐரோப்பிய வடிவத்துக்கு வெளித்தோற்றத்தில் ஒத்துப்போயிற்று. ‘ராமானுஜன், எஸ்.’, ‘சந்திரசேகர், எஸ்.’ ஆகிய இரண்டிலும் தலையில் நிற்பது அவரவர் சொந்தப் பெயர். இந்த ஏற்பாடு குலைவது தலைப்பெழுத்தை விரித்தெழுதச் சொல்லும்போதுதான். ஆர். மீனா என்று தம் முதல் கட்டுரையை வெளியிட்ட ஒருவர், கடவுச்சீட்டுக்காகவோ இதழின் படிவத்துக்காகவோ மீனா ராமசாமி ஆகிறார் என்று கொள்வோம். ‘மீனா, ஆர்.’ அடுத்த கட்டுரையில் ‘ராமசாமி, எம்.’ ஆகிவிடுகிறார். மேற்கோள் காட்டப்படுபவர் இப்போது அவர் தந்தை. அவரோ ஆய்வே செய்யாதவர். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றினால் மூன்றாவதாக ஒருவரும் பிறப்பார்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 1960களின் தொடக்கத்தில் யூஜீன் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் சுட்டியை உருவாக்கியபோது, மேற்கோளில் உள்ள பெயர் எண்ணப்படும் அலகாயிற்று. பணிநியமனமும் பதவி உயர்வும் அந்த எண்ணிக்கையைப் பார்க்கத் தொடங்கிய பின், இரண்டாகப் பிளந்த பெயர் என்பது இரண்டாகப் பிளந்த உழைப்பு.

2012இல் அறிமுகமான ஆர்கிட் என்னும் பதினாறு இலக்க அடையாள எண், பெயர் எப்படி எழுதப்பட்டாலும் ஆளை ஒன்றாகவே காட்டுகிறது. ஆனால் எண் தரவுத்தளத்துக்குத்தான் புரியும். அச்சான பட்டியலில் நிற்பது இன்றும் பெயரே. இதழ்களின் சமர்ப்பிப்புப் படிவங்கள் பலவற்றில் கடைசிப் பெயர் கட்டாயப் புலம். ஒற்றைப் பெயர் உடையோர் சிலர் அதில் புள்ளி வைக்கின்றனர். சிலர் தம் பெயரையே இருமுறை எழுதுகின்றனர். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயரே உள்ள இந்தியருக்கு அமெரிக்க விசா, முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் ‘எஃப்.என்.யு.’ என்ற மூன்றெழுத்தை இட்ட பெயரின் இடத்தில் அச்சிடுகிறது. அங்குள்ள பல்கலைக்கழகப் பதிவேடுகளின் வழியாக அது ஆய்வுக் கட்டுரைகளின் முகப்புக்கும் வந்துவிட்டது. அதை ஃப்னு என்று படித்து, ஆசிரியரின் இட்ட பெயராகவே எண்ணுவோரும் உண்டு.